செவலைக்குப் போட்ட சாரல் சூடு

என் செவலைப் பசுவின் உடம்பைக் குளிரவைத்தது சாரல் இல்லை. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு அண்ணாச்சிதான். சீதளத்தைப் போக்குகிறேன் என்று சொல்லி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அவர்தான் அதற்குச் சீதளத்தை வரவழைத்தார். அவர் இன்றைக்கும் திடமாகத்தான் இருக்கிறார். காதும் நன்றாகக் கேட்கிறது. அதனால் இல்லாதவரைப் பற்றிப் பேசுகிறேன் என்று யாரும் என்மேல் பாய வேண்டாம்.

எங்கள் ஊர் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கிறது. வைகாசிக் கடைசியில் மேற்கே மலைமேல் மேகம் கட்டத் தொடங்கியதும் அண்ணாச்சி வீட்டுக் களத்தில் நெருப்பு மூட்டுவார்கள். ஊர் மாடுகளையெல்லாம் அங்கே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சாரல் காலத்தில் மாட்டுக்குச் சீதளம் பிடிக்கும், முன்கூட்டியே உடம்பில் சூட்டை ஏற்றிவிட்டால் பிடிக்காது என்பது அவர்கள் நினைப்பு. காலைக் கட்டிக் கீழே தள்ளி விலாவில் சூட்டுக்கோலை வைப்பார்கள். இதற்குச் சாரல் சூடு என்று பெயர். அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து அந்தக் களத்தில்தான் நடக்கிறது. அண்ணாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இதற்காக அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. ஊர் மாடெல்லாம் தன் களத்துக்கு வந்து போகிறது என்ற பெருமை ஒன்றே அவருக்குப் போதும்.

நான் சொல்வது யுத்தத்துக்கு முந்தி. செவலை அப்போது தலையீற்றுப் பசு. காளைக்கன்று போட்டிருந்தது. அந்த வைகாசியில் ஊர் மாடுகளோடு அதற்கும் சூடு போட்டிருந்தார்கள். எங்களுக்குக் குத்தகை வயல் கொஞ்சம் உண்டு. அதில் வருகிற நெல் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சரியாகப் போய்விடும். மற்றதெல்லாம் செவலையின் மடியிலிருந்துதான் வர வேண்டும். அதுவும் சாரல் காலத்தில்தான் வரும்.

சாரல் என்றால் குற்றாலத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் உள்ள பங்களாக்களில் வக்கீல்களும் ஜமீன் வீட்டாரும் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். அவர்களுக்குச் செம்பில் கொண்டுபோகிற பாலில் நம்பிக்கை கிடையாது. பசுவையே வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போய் அவர்கள் கண் முன்னால் கறக்க வேண்டும். நானும் அப்படித்தான் செவலையையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போனேன். மெட்ராஸ் வக்கீல் வீட்டு அம்மாள் ஒருத்தி, நான் கறக்க உட்காருவதற்கு முன்னால் தினமும் ஒன்றைச் சொல்வாள்.

"ஏம்மா, செம்பைக் கவுத்துக் காட்டு."

நான் கவிழ்த்துக் காட்டுவேன்.

"உள்ள கையை விட்டுத் தடவிக் காட்டு."

"அம்மா, செம்புக்குள்ள கிணறா வெட்டி வச்சிருக்கேன்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தடவிக் காட்டச் சொன்னாள்.

செவலைக்கு அந்த வழி ஆகவே ஆகாது. மோட்டார்க்காரன் பின்னாலேயே வந்து ஊதுவான். குரங்குகள் மரத்திலிருந்து அதன் முதுகுக்கு மேலாகத் தாவும். ஒரு பங்களாவில் வெள்ளைக்கார ஜாதி நாய் ஒன்று சங்கிலியோடு எகிறி எகிறிக் குரைக்கும். அந்த வாசலுக்கு முந்தின திருப்பத்திலேயே செவலை நின்று கழிய ஆரம்பித்துவிடும். கண்ணை உருட்டும். தோல் சிலிர்த்து நடுங்கும். நான் கயிற்றைப் பிடித்து இழுப்பேன். வேறு என்ன செய்வது? கன்று முட்டினாலும் மடி இறங்காது. பாலை அப்படியே அடக்கிக்கொண்டு நிற்கும்.

ஆனி பாதியில் செவலை மாறிப்போயிற்று. மற்ற மாடுகளெல்லாம் பழைய மயிரை உதிர்த்து மினுமினுவென்று இருக்க, இதற்கு மட்டும் சொரசொரவென்று கோரை மாதிரி மயிர் நின்றது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். தவிட்டுத் தொட்டியில் முகத்தை வைத்தபடி தின்ன மறந்து நிற்கும். இமை பாதி மூடியே இருக்கும். கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்க்கும். பால் நாளுக்கு நாள் சுருங்கியது.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். சீதளம். உடம்பு குளிர்கிறது, வெளியே சாரல் அடிக்கிறது, இரண்டையும் சேர்த்தால் சீதளம்தானே. நானும் அதையே சொன்னேன். என் வீட்டுக்காரர் போய் அண்ணாச்சியிடம் சொன்னார். செவலையைக் களத்துக்கு ஓட்டிவர அங்கிருந்து ஆள் அனுப்பினார்கள்.

களத்தில் செவலையைத் தள்ளினபோது அண்ணாச்சி சுற்றிப் பார்த்துச் சொன்னார்: "போன மாசம் போட்ட சூடு இதுக்குப் பத்தல. ஏலே, இந்தத் தடவ கம்பிய நல்லா அழுத்திப் புடி. குளிரு எலும்புக்குள்ள போயிருக்கு."

கம்பியைப் பிடித்தவன் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தான். "என்னவே, மாட்டுக்குப் போடுததுக்கு நீரு கண்ண மூடுதீரு?"

"சூடு உமக்கா மாட்டுக்கா?" என்று இன்னொருத்தன் கேட்டான். களமே சிரித்தது.

செவலை ஒரு சத்தம் போட்டது. மாடு கத்துகிற சத்தம் மாதிரி இல்லை. அதை எழுத எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு உடம்பு சூடாகியிருக்க வேண்டும் அல்லவா? இன்னும் குளிர்ந்தது. ஆம்பிளைக் குரல் கேட்டால் தொழுவத்து மூலைக்குப் போய் ஒடுங்கும். அடுப்புப் புகை அந்தப் பக்கம் வந்தால் கயிற்றை இழுத்துக்கொண்டு நடுங்கும். மறுவாரம் பால் கன்றுக்கே பற்றவில்லை. குற்றாலம் போவதை அரைகுறையாக நிறுத்த வேண்டியதாயிற்று. இருந்த பாலுக்கு ஒரே ஒரு வாசலுக்கு மட்டும் போனேன்.

அண்ணாச்சி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். புளியறை வழியாக மலையாளத்துக்கு அடிமாடு ஓட்டுகிற தரகன் ஒருவன் சாரல் ஓய்ந்ததும் எங்கள் ஊருக்கு வருவான். அவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

"ரெண்டு சூட்டுக்கும் தேறாத மாடு இனி தேறாதுன்னு அண்ணாச்சி சொல்லுதாவ."

"அண்ணாச்சிக்கு மடியில பால் வருதா? அவருகிட்ட எதுக்குக் கேக்கணும்?"

"ஏட்டி, வாய அடக்கு. ஊருல இருக்கணுமா வேண்டாமா?"

சாரல் ஓய்கிறவரைதான் செவலைக்குத் தவணை. அதற்குள் அதைத் தேற்றிவிட வேண்டும். இல்லையென்றால் மலையைத் தாண்டிக் கசாப்புக்குப் போய்விடும். மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் செவலையைத் தென்காசி மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். சின்ன வயது. முகத்தில் சிரிப்பே கிடையாது. விலாவில் இருந்த தழும்புகளைப் பார்த்ததும், "இது எந்த மடையன் வேலை?" என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. உடம்புச் சூடு பார்க்கிற கண்ணாடிக் குழலை வைத்துப் பார்த்தார். மாட்டுக்கு இருக்க வேண்டிய சூட்டைவிடக் குறைவாக இருக்கிறது என்றார். அப்புறம் செவலையின் தொண்டையைப் பிடித்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"பால் இல்லைன்னா மடியப் பாக்காம கழுத்தப் பாக்கீயளே அய்யா?"

"சுரப்பி கழுத்தில்தான் இருக்கிறது."

"சுரப்பு மடியிலல்லா இருக்கும்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு அவரே பொறுமையாகச் சொன்னார். மடியில் சுரப்பது பால். தொண்டையில் ஒரு கோளம் இருக்கிறது, அதற்குத் தைராய்டு என்று பெயர், அதில் சுரப்பது வேறு ஒரு நீர். அது ரத்தத்தில் கலந்தால்தான் உடம்பில் சூடு இருக்கும், மயிர் உதிர்ந்து புதிதாக முளைக்கும், பசி எடுக்கும், பால் வரும், பசு காளைக்கு நிற்கும். அந்த நீர் குறைந்தால் எல்லாம் மந்தமாகிவிடும். "உன் மாட்டுக்குக் குளிர் வெளியிலிருந்து வரவில்லை அம்மா. உள்ளே அடுப்பு தணிந்துவிட்டது."

மலையடிவாரத்துத் தண்ணீரில் அயோடின் என்ற சத்துக் குறைவு, அதனால் இப்படி ஆகியிருக்கும் என்று அவர் நினைத்தார். தவிட்டில் கலந்து வைக்க ஒரு மருந்து கொடுத்தார். நான் வைத்தேன். செவலை அதைத் தின்றது. ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மருந்து பலிக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஐந்தருவிக்குக் குளிக்க வந்தார். தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக வழியில் எங்களைப் பார்த்துவிட்டார். நான் செவலையை இழுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நாய் குரைக்கிறது. செவலை கால்களை ஊன்றி நின்று, நடுங்கி, நீராகக் கழிகிறது. அவர் அருவியை மறந்து அங்கேயே நின்றுவிட்டார்.

"தினமும் இப்படித்தானா?"

"ஆமய்யா. இந்தத் திருப்பம் வந்தா இப்படித்தான்."

"சூடு போட்ட பிறகு அதிகமா?"

"அதுக்கப்புறம் வீட்டுலயும் நடுங்குது."

வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். எண்ணெய் வழிய வழியப் பேசினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வார்த்தையில் எழுதுகிறேன். சிறுநீரகத்துக்கு மேலே வேறு இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. பயம் வந்தால் அவை ஒரு நீரை ரத்தத்தில் விடும். உடனே உடம்பு ஓடுவதற்குத் தயாராகும். ஓடுகிற நேரத்தில் பால் எதற்கு, மயிர் எதற்கு, கன்று எதற்கு? எல்லாவற்றையும் நிறுத்தி வை என்று உள்ளே ஓர் உத்தரவு போகும். எப்போதோ ஒரு தரம் பயந்தால் அதனால் கெடுதல் இல்லை. தினமும் பயந்தால் தினமும் உத்தரவு. தொண்டைச் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொண்டே போகும்.

"புத்தகத்துல இப்படியா இருக்குதய்யா?"

"புத்தகத்தில் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். பயந்தால் அந்தச் சுரப்பி அதிகமாக வேலை செய்யும் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. உன் மாட்டைப் பார்த்தால் குறைகிறது என்றுதான் தோன்றுகிறது. பயத்தை எடுத்துவிட்டுப் பார். தேறினால் நான் சொன்னது சரி. தேறாவிட்டால் நான் மடையன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பெரிய மனுஷனை நான் முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்றோடு செவலையைக் குற்றாலத்துக்கு ஓட்டுவதை அடியோடு நிறுத்தினேன். கன்றைக் கூடவே விட்டேன். தொழுவத்தைச் சமையல் புகை போகாத பக்கமாக மாற்றிக் கட்டச் சொன்னேன். என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார், ஆனால் கட்டினார். ஆம்பிளைகள் யாரும் உள்ளே போகக் கூடாது என்றேன்.

"நானும் போகக் கூடாதா?"

"நீங்கதான் முதல்ல போகக் கூடாது. களத்துல காலப் புடிச்சது யாரு?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் சில நாள் கழித்து ஒன்றைப் பார்த்தேன். தொழுவத்து வாசலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கையில் பருத்திக்கொட்டையை வைத்துக்கொண்டு, செவலை பக்கம் திரும்பாமலே இருந்தார். அது கழுத்தை நீட்டிக் கையை நக்குகிறவரை அசையவில்லை. அதன் பிறகு தினமும் போய் உட்கார்ந்தார்.

பங்களாக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது? மெட்ராஸ் அம்மாளிடம் போய், "இனி மாடு வராதும்மா, பால் வேணும்னா நீங்க வந்து பாத்து வாங்கிக்கிடுங்க" என்றேன்.

"நான் உன் தொழுவத்துக்கு வரணுமா?"

"உங்களுக்கு வண்டி இருக்கு. என் மாட்டுக்கு வண்டி இல்ல."

வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆடி முடிகிற சமயம், பால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவருகிறபோது, குதிரை வண்டியில் வந்து இறங்கினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு தொழுவத்து வாசலில் நின்றாள். நான் செம்பைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"போதும் போதும், கற" என்றாள். செவலை அசைபோட்டுக்கொண்டே பாலைவிட்டது. செம்பில் நுரை பொங்கியதைப் பார்த்து அவள், "என் வாசல்ல இதுக்குப் பாதிகூடக் கறந்ததில்லையே! மீதியை யாருக்குக் கொடுத்தே?" என்று கேட்டாள். சந்தேகம் அவள் கூடப் பிறந்தது. ஆனால் மறுநாளும் வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பங்களாக்களிலிருந்து ஆள் வந்தது.

காது முதலில் சூடாயிற்று. பிறகு கழுத்திலிருந்து மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சீப்பு வைத்து இழுத்தால் கை நிறைய வரும். உள்ளே இருந்து வழவழவென்று புதிய மயிர். ஆவணியில் கூப்பிட்ட குரலுக்கு உடனே திரும்பியது. மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் போய், "நீங்க மடையன் இல்லய்யா" என்றேன். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாரல் ஓய்ந்ததும் புளியறைத் தரகன் வந்தான். அண்ணாச்சியே கூட்டிக்கொண்டு வந்தார். தரகன் செவலையைச் சுற்றி வந்தான். காதைப் பிடித்தான், மடியைத் தட்டினான்.

"பசு கொள்ளாமே, நல்லாயிருக்கே! அண்ணாச்சி, அடிமாடுன்னல்லா சொன்னீய? இது நல்ல கறவையாக்கும். தாயி, கறவைக்கே கேக்கேன். தருதியா?"

"தரமாட்டேன்."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார் அண்ணாச்சி.

"உங்க மாட்டுக்கு நீங்க வாக்குக் குடுங்க."

அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். அண்ணாச்சி முன்னால் அவர் குரல் எழும்பி நான் கேட்டதே இல்லை. "வேண்டாம் அண்ணாச்சி. நான் தலையாட்டினது தப்பு. மாடு போகாது." அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுச் செவலைக்கும் தரகனுக்கும் நடுவில் போய் நின்றார்.

அடுத்த வைகாசியில் களத்தில் நெருப்பு மூட்டினார்கள். நான் செவலையை அனுப்பவில்லை. இரண்டு ஆட்கள் வந்தார்கள். வாசலை மறித்து நின்றேன். அப்புறம் அண்ணாச்சியே வந்தார். தெருவே கூடிவிட்டது.

"ஊருக்குப் பொதுவா நடக்குதத ஒருத்தி மறிக்காளாம். என்ன தாயி, மாட்டுக்குச் சீதளம் வந்தா யாரு பாப்பா?"

"நீங்க போட்ட சூட்டாலதான் சீதளம் வந்துது. போடாம விட்டேன், போயிட்டு."

"அட கிறுக்கு மூதி! நான் போட்ட சூடு உள்ள எறங்கிப் பைய வேலை செஞ்சிருக்கு. அதுலதான் மாடு தேறிச்சு. போட்டவன் நான், பேரு உனக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த நிமிஷம் பதில் வரவில்லை. ஆனால் அன்றைக்குச் செவலை களத்துக்குப் போகவில்லை. அந்தச் சாரல் முழுக்கச் சூடில்லாமல் நின்றது, காது குளிரவில்லை. சினை பிடித்துக் கிடேரிக்கன்று போட்டது.

அண்ணாச்சிக்கு என் பதிலைச் சொல்லப்போவது அந்தக் கிடேரிதான். அதன் உடம்பில் கம்பி பட்டதே இல்லை. எத்தனையோ சாரலைப் பார்த்துவிட்டது. பெரிய பசுவாகித் தானும் ஒரு கிடேரிக்கன்று போட்டுவிட்டது; அதன் மேலும் கம்பி பட்டதில்லை. மயிர் உதிர வேண்டிய காலத்தில் உதிர்கிறது, பால் வர வேண்டிய காலத்தில் வருகிறது. செவலையும் இன்னும் இருக்கிறது. கிழம், ஆனால் அதட்டல் குறையவில்லை. எங்கள் தெருவில் இப்போது பாதிப் பேர் மாட்டைக் களத்துக்கு அனுப்புவதில்லை. இரண்டு வீட்டில் நாயைக்கூடத் தொழுவத்துப் பக்கம் விடுவதில்லை. கறக்கிற ஆளை மாற்றுவதில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துச் செய்கிறார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு மாட்டாஸ்பத்திரிக்கு வேறு டாக்டர் வந்திருக்கிறார். அவரிடம் பழைய கதையைச் சொல்லிக் கேட்டேன். பயத்தில் சுரக்கிற நீர் மூளைக்குக் கீழே இருக்கிற ஒரு சுரப்பியை அடக்கும், தொண்டைச் சுரப்பிக்கு வேலை சொல்வது அதுதான், அதனால் இதுவும் தணிந்துபோகும் என்று இப்போது தெளிவாகிவருகிறது என்றார். தஞ்சாவூர் டாக்டர் பாறையில் உட்கார்ந்து சந்தேகத்தோடு சொன்னதைத்தான் இவர் சந்தேகமில்லாமல் சொன்னார். அவர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்று எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இந்த வருஷமும் அண்ணாச்சி தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டார். வைகாசிக் கடைசியில் களத்தில் சாரல் சூடு. மேலத்தெருவில் ஒரு வீட்டில் தலையீற்றுப் பசு ஒன்று காது குளிர்ந்து நிற்கிறது. அதை முதலில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாராம்.

நான் வருவேன் அண்ணாச்சி. செவலையின் மகளையும் அதன் மகளையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வருவேன். ஊர் முழுக்க நிற்கும். அந்த மேலத்தெருப் பசுவின் காலைக் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்ல வேண்டும். நீங்கள் போட்ட சூடு உள்ளே இறங்கித்தான் செவலை தேறியது என்றீர்கள். சரி. இந்த இரண்டு மாட்டுக்கும் சூடு போட்டது யார்?